சாலை விபத்து இழப்பீடு: விபத்து நாளிலிருந்து தொகை கணக்குக்கு வரும் வரை

சாலை விபத்தில் ஒருவர் இறந்துவிட்டாலோ கை கால் போய்விட்டாலோ, அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு இழப்பீடு கிடைக்கும் என்பதை மூன்று தாள்கள் பெரிதும் தீர்மானிக்கின்றன: மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), காவல் நிலையத்தின் எஃப்.ஐ.ஆர்., வருமானத்துக்கான சான்று. முதல் இரண்டும் விபத்து நடந்த ஓரிரு நாளில் எழுதப்பட்டுவிடும். குடும்பம் அழுதுகொண்டிருக்கும் அந்த நேரத்தில் யாரோ ஒருவர் சொன்னதைக் கேட்டு யாரோ ஒருவர் எழுதியதுதான், இரண்டு மூன்று வருடம் கழித்துத் தீர்ப்பாயத்தில் சாட்சியாக வந்து நிற்கும். அதனால் உறவினரோ நண்பரோ நிதானமாக இருக்கும் ஒருவர் முதல் நாளே இந்தத் தாள்களின் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கீழே இருப்பது இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தையும் தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களின் நடைமுறையையும் ஒட்டியது.

மருத்துவமனையில்: அந்த ஒரு வரி

விபத்தில் அடிபட்டவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனதும் பணியில் இருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவு போடுவார். அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி. நாள், நேரம், இடம், அழைத்து வந்தவர் பெயர், காயங்கள் எல்லாம் அதில் இருக்கும். நடுவில் ஒரே ஒரு வரி, விபத்து எப்படி நடந்தது என்று சொல்லும். கார் மோதியது என்று இருக்க வேண்டிய இடத்தில் 'செல்ஃப் ஃபால்' என்றோ 'வண்டி சறுக்கி விழுந்தார்' என்றோ பதிவாகிவிடுவது சர்வ சாதாரணம். அழைத்து வந்தவர் வழிப்போக்கராக இருப்பார். விபத்தைப் பார்த்திருக்க மாட்டார். ரோட்டில் கிடந்தவரைத் தூக்கி வந்திருப்பார். அவர் சொன்னது அப்படியே ஏறிவிடும். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் விரல் வைப்பது இந்த வரியில்தான்.

எனவே குடும்பத்தார் போய்ச் சேர்ந்ததும் பதிவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தவறாக இருந்தால், எந்த வாகனம் மோதியது என்பதை எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள். பழைய பதிவை அழித்துத் திருத்த மாட்டார்கள். ஆனாலும் அன்றைக்கே மறுப்புத் தெரிவித்திருக்கிறீர்கள் என்பது பின்னால் பெரிய பலம். தனியார் மருத்துவமனை என்றால் அங்கிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போனதா என்றும் உறுதி செய்யுங்கள்.

சிகிச்சைச் செலவுக்கு: மத்திய அரசின் 2025ஆம் ஆண்டுக் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில், விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை ரூ.1.5 லட்சம் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். தமிழ்நாட்டின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. மற்றபடி ஒவ்வொரு பில், மருந்துச் சீட்டு, ஸ்கேன், ஆம்புலன்ஸ் ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் அசலாக ஒரே கோப்பில் இருக்கட்டும். மெடிகிளெய்முக்கு அசலைக் கொடுக்க வேண்டி வந்தால் முத்திரையிட்ட நகல் வாங்கிவிட்டுக் கொடுங்கள்.

காவல் நிலையத்தில்

புகார் கொடுத்ததும் கையில் கொடுப்பது சி.எஸ்.ஆர். ரசீதாக (புகார் வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை மட்டும்) இருந்தால் அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. பல குடும்பங்கள் அந்த ரசீதை வைத்துக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டதாக நினைத்து மாதக்கணக்கில் இருந்துவிடுகின்றன. 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த விபத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின்படி (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) வழக்குப் பதிவாகும்: மரணம் என்றால் பிரிவு 106(1), காயம் என்றால் 281, 125. நிலையத்தில் பதிய மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அங்கும் நடக்காவிட்டால் குற்றவியல் நடுவரிடம் மனுப் போடலாம்.

எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கியதும் நின்று நிதானமாகப் படியுங்கள். வண்டி எண், விபத்து நடந்த இடம், நேரம், எந்தத் திசையில் யார் வந்தார்கள், யார் மீது வழக்கு, தாமதமாகப் புகார் கொடுத்திருந்தால் அதற்கான காரணம். வண்டி எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் காப்பீட்டு நிறுவனம் 'எங்கள் வண்டி அந்த இடத்திலேயே இல்லை' என்று சொல்லும். ஏ.ஆர். காப்பியில் இருக்கும் நேரத்துக்கும் எஃப்.ஐ.ஆரில் இருக்கும் நேரத்துக்கும் பொருந்தாவிட்டால் வண்டியை இட்டுக்கட்டிச் சேர்த்ததாகவே வாதிடுவார்கள்.

இதைவிடக் கொடுமையான ஒன்று உண்டு. மோதிய வண்டியின் ஓட்டுநர் முந்திக்கொண்டு புகார் கொடுத்து, இறந்தவர் மீதே எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிடுவது. இறந்தவர் வந்து பேச முடியாது. அப்படி நடந்தால் சும்மா இருக்கக் கூடாது. பக்கத்துக் கடை, பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி எங்கெல்லாம் கேமரா இருக்கிறதோ அங்கெல்லாம் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். பல கருவிகளில் பழைய பதிவின் மேல் சில நாட்களிலேயே புதிய பதிவு ஏறிவிடும். வண்டிகளின் அடிபட்ட பகுதி, ரோட்டில் டயர் தேய்ந்த தடம், உடைந்த கண்ணாடி கிடந்த இடம் இவற்றைப் படம் எடுங்கள். நேரில் பார்த்தவர்களின் பெயர்களோடு கண்காணிப்பாளருக்கு மனு கொடுங்கள். எஃப்.ஐ.ஆரே இறுதிச் சொல் கிடையாது. தீர்ப்பாயம் தானாகச் சாட்சியை எடைபோட்டு யார் தவறு என்று முடிவு செய்யலாம். குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு அதோடு விழாது. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இங்கே எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது போதும்.

நிலையத்திலேயே எதிர்த்தரப்பு கொஞ்சம் பணம் கொடுத்து, 'சமாதானமாகப் போகிறோம், வழக்கு வேண்டாம்' என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மருத்துவமனைப் படுக்கையில் வெற்றுத்தாளில் கைநாட்டும் வேண்டாம்.

பிரேதப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. அடிபட்டவர் வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து இறந்தாலும் இது பொருந்தும். அந்த நேரத்தில் பெரும்பாலான வீடுகளில் காவல் நிலையத்துக்குச் சொல்லாமல் அடக்கம் செய்துவிடுகிறார்கள். பிறகு விபத்துக் காயத்தால்தான் இறந்தார் என்று காட்ட வழி இருக்காது. உடனே தகவல் கொடுத்தால் பிரேதப் பரிசோதனை நடக்கும், வழக்கும் மரணப் பிரிவுக்கு மாற்றப்படும். வேறு காரணத்தால் இறந்திருந்தாலும் காயத்துக்கான கோரிக்கையை வாரிசுகள் தொடர முடியும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. ஆனால் தொகையில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

காவல்துறைக்கும் கெடு இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கை, 90 நாளுக்குள் விரிவான அறிக்கை தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் போக வேண்டும். விரிவான அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. அதை நம்பி மட்டும் இருக்காமல் எஃப்.ஐ.ஆர்., மாதிரி வரைபடம், பார்வை மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று அல்லது காயச் சான்று, குற்றப்பத்திரிகை, மோதிய வண்டியின் ஆர்.சி., காப்பீடு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்களை நீங்களே கேட்டு வாங்குங்கள். காப்பீடு விபத்து நாளில் நடப்பில் இருந்ததா என்பதை எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டே பார்த்துவிடலாம்.

எங்கே, யார், எத்தனை நாளுக்குள்

மனு போகும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். வழக்கு எண்ணை எம்.சி.ஓ.பி. என்று குறிப்பிடுவார்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் பகுதித் தீர்ப்பாயத்திலும், எதிர்மனுதாரர் வசிக்கும் பகுதியிலும் போடலாம். கிருஷ்ணகிரி அருகே நடந்த விபத்துக்குத் தென்காசிக் குடும்பம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை.

கெடு 6 மாதம். விபத்து நாளிலிருந்து எண்ண வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி நாளைக் கடத்துவது ஆபத்து. சிகிச்சை முடியவில்லை, வாரிசுச் சான்றிதழ் வரவில்லை என்று காத்திருக்காமல் 6 மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள். விட்டுப்போன ஆவணங்களைப் பிறகு சேர்க்கலாம்.

இறப்பு வழக்கில் எல்லா வாரிசுகளும் மனுவில் இருக்க வேண்டும். மனைவிக்கும் மாமியாருக்கும் ஒத்துவராமல் தாயை விட்டுவிட்டு மனுப் போடுவது அடிக்கடி நடக்கிறது. அந்தத் தாய் பின்னால் வந்து நின்றால் பணம் பட்டுவாடா நின்றுபோகும். மனுதாரராகச் சேர மறுத்தால் எதிர்மனுதாரராகவாவது சேர்த்துவிட வேண்டும். எதிர்த்தரப்பில் வண்டியின் உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் கட்டாயம். ஓட்டுநரையும் சேர்ப்பது வழக்கம். இரண்டு வண்டிகள் மோதியதில் பின்னால் உட்கார்ந்து வந்தவர் அடிபட்டிருந்தால், இரு தரப்பில் எவர் மீது வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கோரலாம்.

தொகை எப்படிக் கணக்காகிறது

இதை வக்கீலுக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக விட்டுவிடாதீர்கள். 2009இல் சர்லா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு இது. ஒரு தாளில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

34 வயது கட்டடக் கொத்தனார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நால்வர் அவரை நம்பி இருந்தார்கள். மாத வருமானம் ரூ.18,000 என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது.

எதிர்கால உயர்வு: சுயதொழில் செய்பவர் அல்லது உயர்வில்லாமல் ஒரே சம்பளம் வாங்குபவர் 40 வயதுக்குள் இருந்தால் 40%, 40 முதல் 50 வரை 25%, 50 முதல் 60 வரை 10%. நிரந்தர வேலையில் இருந்தவர் என்றால் முறையே 50%, 30%, 15%. நம் கொத்தனாருக்கு 18,000 உடன் 40% சேர்ந்து 25,200. ஆண்டுக்கு 3,02,400.

சொந்தச் செலவுக் கழிவு: திருமணமானவரை நம்பி இருப்பவர்கள் 2–3 பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, 4–6 பேர் என்றால் நான்கில் ஒரு பங்கு, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு. திருமணமாகாதவருக்குப் பொதுவாகப் பாதி. இங்கே நான்கில் ஒன்று போக 2,26,800.

பெருக்கு எண் (ஆண்டுத் தொகையை வயதுக்கேற்ப எத்தனையால் பெருக்குவது என்பது): 15 முதல் 25 வயது வரை 18, 26–30க்கு 17, 31–35க்கு 16, 36–40க்கு 15, 41–45க்கு 14, 46–50க்கு 13, 51–55க்கு 11, 56–60க்கு 9, 61–65க்கு 7, அதற்கு மேல் 5. இறந்தவரின் வயதைத்தான் பார்க்க வேண்டும். மகனை இழந்த பெற்றோரின் வயதை வைத்துக் குறைந்த எண்ணைப் போட முயன்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2,26,800 × 16 = 36,28,800.

இதோடு துணை, பாச இழப்புக்குத் தலைக்கு ரூ.40,000, சொத்து இழப்பு ரூ.15,000, ஈமச் செலவு ரூ.15,000 என்று 2017இல் நிர்ணயித்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10% கூட்டச் சொன்னார்கள். இரண்டு முறை கூட்டினால் 48,400, 18,150, 18,150. மனைவிக்கு மட்டுமல்லாமல் குழந்தைகளுக்கும் தாய்க்கும் தனித்தனியே இது உண்டு. நால்வருக்கு 1,93,600; மற்ற இரண்டும் 36,300. மொத்தம் ரூ.38,58,700.

இப்போது ஒரே ஓர் எண்ணை மாற்றுங்கள். வருமானத்துக்குச் சான்று இல்லை என்று மாதம் ரூ.10,000 மட்டும் எடுத்துக்கொண்டால், முதல் இனம் 36,28,800க்குப் பதில் 20,16,000 ஆகிவிடும். 16 லட்சத்துக்கு மேல் போய்விட்டது. வேறெந்த வாதத்திலும் இவ்வளவு தொகை கைமாறாது. அதனால்தான் வருமானச் சான்றுக்கு அத்தனை உழைப்பும் போட வேண்டும்: வங்கிக் கணக்கு, யுபிஐ வரவு, மேஸ்திரி எழுதி வைத்த கூலி நோட்டு, கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, வருமான வரிக் கணக்கு, பைக் கடன் தவணை, குழந்தைகளின் பள்ளிக் கட்டண ரசீது. வேலை கொடுத்தவர் சான்று எழுதித் தந்தால் மட்டும் போதாது. அவரே கூண்டேறிச் சொல்ல வேண்டும். வராவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பு குறைவு. எந்தச் சான்றுமே இல்லாதவருக்கும் தொழிலையும் காலத்தையும் பார்த்து உத்தேச வருமானம் நிர்ணயிக்க வேண்டும். இல்லத்தரசிக்கும் அப்படியே. வீட்டு வேலைக்கு வருமானம் இல்லை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் பலமுறை நிராகரித்திருக்கிறது.

எல்.ஐ.சி. பணம், வருங்கால வைப்பு நிதி, குடும்ப ஓய்வூதியம் இவற்றை இழப்பீட்டிலிருந்து கழிக்கக் கூடாது. மனுவில் கேட்டதைவிட அதிகமாகவும் தீர்ப்பாயம் கொடுக்கலாம்.

காயம் என்றால்

மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, வேலைக்குப் போக முடியாத மாதங்களின் வருமானம், வலியும் வேதனையும், இனிமேல் ஆகும் சிகிச்சைச் செலவு என ஒவ்வொன்றையும் தனித்தனி இனமாகக் கேட்க வேண்டும். நிரந்தர ஊனம் இருந்தால் சம்பாதிக்கும் திறன் இழப்பு பெருக்கு எண் முறையில் வரும். இதில் சொந்தச் செலவுக் கழிவு கிடையாது.

கவனிக்க வேண்டியது ஊனச் சதவீதம். மருத்துவக் குழு 40% என்று எழுதினால் அது உடலுக்கான அல்லது அந்த ஓர் உறுப்புக்கான அளவு. தொழிலுக்கான இழப்பு வேறு. இடது கையை இழந்த தச்சருக்கும் ஓட்டுநருக்கும் கிட்டத்தட்ட முழு வருமானமும் போகும். அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கு அப்படி இல்லை. எந்த வேலையை எந்த அசைவால் செய்தார், இப்போது எது முடியவில்லை என்பதை மனுதாரரே சாட்சியத்தில் சொல்ல வேண்டும். ஏணி ஏற முடியவில்லை, சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை, பத்து கிலோ தூக்கினால் தோள் இறங்கிவிடுகிறது என்று இப்படிக் கையால் தொடுவது போலச் சொன்னால்தான் நிற்கும். ஊனச் சான்றைச் சிகிச்சை முடிந்த பிறகு வாங்குங்கள். எலும்பு கூடுவதற்குள் அவசரப்பட்டு வாங்கிய சான்று விசாரணையில் தாங்காது.

காப்பீட்டு நிறுவனம் சொல்லும் மறுப்புகள்

'ஓட்டுநருக்கு உரிமம் இல்லை' என்றால் பெரும்பாலும் நிறுவனம் முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவாகும். 'ஹெல்மெட் போடவில்லை', 'மூன்று பேர் போனார்கள்' என்பதும் அப்படியே உங்கள் தவறாகிவிடாது. விபத்துக்கோ காயத்துக்கோ அதுதான் காரணம் என்று அவர்கள் காட்ட வேண்டும். ஆனால் சரக்கு வண்டியில் பயணியாக ஏறிப்போனவர், சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள பைக்கின் பின்னால் உட்கார்ந்து போய் அந்த பைக்காலேயே அடிபட்டவர், இந்த இரண்டிலும் காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக்கு உண்மையான பலம் இருக்கிறது. மோதிய வண்டிக்குக் காப்பீடே இல்லை என்றால் உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும். அவர் நீதிமன்றத்தில் வண்டியை விடுவிக்க மனுப் போடும்போதே ஈடு கேட்டு ஆட்சேபம் செய்யுங்கள்.

யார் தவறு என்று நிரூபிக்க வழியே இல்லாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 164 இருக்கிறது: தவறைப் பார்க்காமல் மரணத்துக்கு ரூ.5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சம். மோதிய வண்டி தப்பிவிட்டு அடையாளமே தெரியாவிட்டால் மரணத்துக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000. இதற்குத் தீர்ப்பாயம் தேவையில்லை. வருவாய்த் துறை விசாரணை அலுவலரிடம் மனு கொடுத்தால் மாவட்ட ஆட்சியர் வழியாக உத்தரவாகும். சொந்த வண்டியை ஓட்டிப்போய்த் தானாக விழுந்து இறந்தவருக்குத் தன் காப்பீட்டு நிறுவனத்திடம் மூன்றாம் நபர் இழப்பீடு கிடைக்காது. ஆனால் பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா பாருங்கள். பிரீமியம் கட்டியிருந்தும் கேட்காமல் விட்ட குடும்பங்கள் எத்தனையோ. அவருக்குச் செல்லுபடியாகும் உரிமம் இருந்திருக்க வேண்டும். மனு நேரே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும்.

வக்கீலும் சமரசமும்

கிடைக்கும் தொகையில் இவ்வளவு சதவீதம் என்று வக்கீல் ஒப்பந்தம் போடுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் தரகரிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானத்தைப் பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100க்கு அழைக்கலாம்.

லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) வழக்கு சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது. போகும் முன் மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் சொல்லும் தொகை அதிலிருந்து எவ்வளவு குறைகிறது, எந்த இனத்தில் குறைகிறது என்று கேளுங்கள். இரண்டு வருடத்து அலைச்சலை மிச்சப்படுத்தக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது நியாயம்தான். பாதியாகக் குறைந்தால் மறுத்துவிட்டு வாருங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு நகலில் வயது, வருமானம், கழிவு, பெருக்கு எண், வட்டி எந்த நாளிலிருந்து என்பதை வரிவரியாகச் சரிபாருங்கள். கூட்டல் பிழையும் வரும். அதற்குத் திருத்த மனு போதும். தொகை குறைவு என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. நிறுவனம் மேல்முறையீடு செய்து நீங்கள் சும்மா இருந்துவிட்டால் தொகை குறையும் அபாயம் மட்டுமே மிஞ்சும். உங்களுக்கும் குறை இருந்தால் நீங்களும் போக வேண்டும்.

நிறுவனம் 30 நாளுக்குள் பணத்தைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் நிறைவேற்று மனு. மைனர் குழந்தைகளின் பங்கு 18 வயது வரை வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்கும். படிப்பு, சிகிச்சை போன்ற தேவைக்கு முன்கூட்டியே எடுக்க அனுமதி கேட்டு மனுப் போடலாம். மனுவிலேயே ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, ஆதார், பான் எண்களைக் கொடுத்து, அவரவர் பங்கு அவரவர் கணக்கில் நேரடியாக ஏறும்படி உத்தரவு கேளுங்கள். கணவனை இழந்த பெண்ணுக்குத் தன் பெயரில் கணக்கு இல்லாவிட்டால் வழக்கு நடக்கும்போதே ஒன்று தொடங்கிவிடுங்கள். அதன் பாஸ்புக்கும் ஏ.டி.எம். அட்டையும் அவர் கையிலேயே இருக்கட்டும்.